பருந்துக் கூட்டில் ஒரு கையுறை

கும் மேரென், வேல்ஸ்
மார்ச் 6, 1961

அன்பு அக்கா ஹெஸ்டருக்கு,

மலைமேலிருந்து தம்பி எம்ரிஸ். நான் நலம், என் இருமல் என்னைவிட நலம். உன் முழங்கால் இந்தக் குளிரில் என்ன சொல்கிறது? லயனல் அத்தானை விசாரித்ததாகச் சொல்.

நீ பின்னி அனுப்பிய கையுறை வந்தது. பச்சைக் கம்பளியில் கட்டைவிரல் மட்டும் கடுகு மஞ்சள். பண்ணை வீட்டு பியூ அம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க அக்காவுக்குக் கண்ணு குறையா, கம்பளி குறையா?" என்று கேட்டாள். எதுவானாலும் கை சூடாக இருக்கிறது.

இப்போது சேதி. பருந்து ஜோடி திரும்பி வந்துவிட்டது. நாடு முழுக்கத் தேடினாலும் இந்தச் சிவப்புப் பருந்து இருபது ஜோடி தேறாது. அதில் ஒன்று என் பள்ளத்தாக்கில். ஐந்து வருடமாகக் காவல் இருக்கிறேன், ஒரு குஞ்சுகூடப் பறந்ததில்லை. இந்த வருடமும் இல்லையென்றால் பறவைப் பாதுகாப்புச் சங்கம் காவலை வேறு பள்ளத்தாக்குக்கு மாற்றிவிடும். எனக்கு வேலை போவது பெரிதில்லை. பறவைகள் ஆளில்லாமல் நிற்கும்.

பழைய சுண்ணாம்புச் சூளைக்கு மேலே, ஓடை வளைகிற இடத்தில், மூன்றாவது ஓக் மரத்தில் கூடு கட்டுகின்றன. இவற்றுக்கு ஒரு கெட்ட பழக்கம் உனக்குத் தெரியும்: கம்பளி, துணி, காகிதம், எது கிடைத்தாலும் தூக்கிக்கொண்டு போய்க் கூட்டில் போட்டுக்கொள்ளும். நேற்று பியூ அம்மாள் கொடியிலிருந்து ஒரு காலுறை போயிற்று. "ஒத்தச் சாக்ஸ வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? இன்னொன்னயும் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடட்டுமா?" என்று என் வாசலில் வந்து நிற்கிறாள்.

நீ எழுதிக்கொண்டிருக்கிற புத்தகத்துக்கு உதவும் என்றுதான் இடத்தை எழுதினேன். சங்கத்துச் செயலாளரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. படித்ததும் இதை அடுப்பில் போடு.

உன் தம்பி,
எம்ரிஸ்

லட்லோ
மார்ச் 11, 1961

அன்புத் தம்பி எம்ரிஸ்,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. என் முழங்கால் மழைக்கு முன்னால் சொல்லிவிடுகிறது, வானொலியைவிட நம்பகம். இருமலுக்குத் தேனும் வெங்காயமும் சாப்பிடு, விஸ்கியை மருந்து என்று சொல்லிக்கொள்ளாதே.

வழக்கம்போல் காலை மேசையில் உன் கடிதத்தை உரக்க வாசித்தேன். இந்த வீட்டில் அப்பா காலத்திலிருந்து அப்படித்தானே, தபாலும் டோஸ்ட்டும் ஒன்றாக வரும். பியூ அம்மாளின் காலுறை வந்ததும் லயனல் தேநீரைச் சிந்தும் அளவுக்குச் சிரித்தார். பிறகு, "மூணாவது மரம்னா கீழேர்ந்து எண்ணணுமா, மேலேர்ந்தா? உன் தம்பிக்கு வழி சொல்லத் தெரியாதுப்பா" என்றார். எனக்கும் பதில் தெரியவில்லை. ஏழாம் அதிகாரம் பருந்துக்குத்தான். முடிந்தால் எழுது.

கட்டைவிரல் மஞ்சளானது பச்சைக் கம்பளி தீர்ந்துபோனதால். லயனலுக்கும் அதே கம்பளியில் ஒரு ஜோடி பின்னியதில் இரண்டு பேருக்கும் பற்றாமல் போயிற்று. அவர் அதைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆர்கன்களுக்குச் சுருதி சேர்க்கிறார். ஈஸ்டருக்கு முன் எல்லாச் சர்ச்சுக்கும் ஒரே நேரத்தில் காது வந்துவிடுகிறது. வாரத்தில் நான்கு நாள் அவர் வீட்டில் இல்லை.

அன்புடன்,
ஹெஸ்டர்

கும் மேரென்
ஏப்ரல் 12, 1961

அன்பு அக்கா,

நலம். இருமல் தேனுக்கும் மசியவில்லை, வெங்காயத்துக்கும் மசியவில்லை. உன் முழங்கால் தேவலையா?

திங்கட்கிழமையிலிருந்து பெண் பறவை அடைகாக்கிறது. தகரக் கொட்டகையில் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை முட்டை என்று கேட்காதே. எனக்கே தெரியாது, சங்கத்துக்கும் தெரியாது. ஏறிப் பார்த்தால் அது கூட்டைவிட்டு எழும்பும், முட்டை குளிர்ந்துபோகும். எண்ணிக்கை தெரியாமல் காவல் காப்பதுதான் இந்த வேலை.

எங்கிருந்து மூன்றாவது மரம் என்பதை உனக்கும் சொல்லப் போவதில்லை. கோபித்துக்கொள்ளாதே.

பண்ணை வீட்டில் ஒரு ஆள் குடிவந்திருக்கிறான். டாட்வெல் என்று பெயர். வடக்கே ஏதோ அருங்காட்சியகத்தில் வேலையாம், பாசி சேகரிக்க வந்தானாம். பாசிக்கு எதற்குக் கயிறு, சொல். அவனிடமே கேட்டேன். "பாறையில தொங்கித்தான் சார் எடுக்கணும், நல்ல பாசியெல்லாம் நாம நிக்கிற எடத்துலயா வளருது?" என்கிறான். ஒரு தகரப் பெட்டியைத் தூங்கும்போதும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறானாம். நான் அவன்மேல் ஒரு கண் வைத்திருக்கிறேன்.

ஞாயிறு காலை மட்டும் காவல் இல்லை. பத்தரையிலிருந்து பன்னிரண்டுவரை பள்ளத்தாக்கு முழுக்க சேப்பலில் பிரார்த்தனையில் இருக்கும். பாடல் குழுவில் கட்டைக் குரலுக்கு என்னைவிட்டால் ஆளில்லை. அந்த நேரத்தில் இங்கே வெளியே நடமாட ஒரு ஆள்கூட இருக்காது, அதனால் பயமும் இல்லை.

எம்ரிஸ்

லட்லோ
ஏப்ரல் 17, 1961

அன்புத் தம்பி,

அடைகாக்கிற செய்தி படித்து மனம் குளிர்ந்தது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் கொஞ்சம் குறைவு.

அந்தப் பாசிக்காரரைப் பற்றி நீ எழுதியது எனக்கும் சரியாகப் படவில்லை. சேகரிக்கிற புத்தி ஒன்றோடு நிற்பதில்லை. இன்று பாசி, நாளை முட்டை. அவர்மேல் கண்ணாக இரு. முடிந்தால் பியூ அம்மாளிடம் சொல்லி அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்.

லயனல் சனிக்கிழமை வேல்ஸில் பிரெக்கன் பக்கம் போகிறார், ஒரு சர்ச்சில் ஆர்கன் துருத்தி கிழிந்துவிட்டதாம். திங்கள் திரும்புவார்.

இங்கே ப்ளம் மரம் பூத்திருக்கிறது. வேறு விசேஷமில்லை.

ஹெஸ்டர்

கும் மேரென்
ஏப்ரல் 24, 1961

அக்கா,

முட்டைகள் போய்விட்டன.

நேற்று சேப்பல் விட்டு வரும்போதே இரண்டு பறவையும் மரத்துக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன. ஓடினேன். மரப்பட்டையில், காலில் கட்டிக்கொண்டு ஏறுகிற இரும்பு ஏறுமுள் குத்திய புதுத் தடம், அடியிலிருந்து கூடுவரை. இனி ஒளிக்க என்ன இருக்கிறது என்று நானே ஏறினேன். ஐம்பது வயதில் ஏறக்கூடாத மரம் அது. கூட்டில் கை வைத்தேன், சில்லென்று இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்.

கூட்டில் செம்மறிக் கம்பளி, பியூவின் காலுறை, பாதி நாளிதழ், ஒரு கையுறை. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

ஊரே டாட்வெல்லைக் கைகாட்டுகிறது. கான்ஸ்டபிள் ரீஸ் அவன் தகரப் பெட்டியை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். பியூ அம்மாள் அவன் மூட்டையை வாசலில் வைத்துவிட்டாள். "சோறு போட்ட கைய்யி இது. இதே கைய்யால தொடப்பத்த எடுக்க வெச்சுடாதீங்க, போயிடுங்க" என்றாள். அவன் மூட்டையை எடுத்துக்கொண்டு கிராமத்துச் சத்திரத்துக்குப் போனான். எனக்கும் அவன்மேல் இரக்கம் வரவில்லை.

பெண் பறவை இன்றும் காலிக் கூட்டில் உட்கார்ந்திருக்கிறது.

எம்ரிஸ்

லட்லோ
மே 19, 1961

அன்புத் தம்பி எம்ரிஸ்,

உடனே பதில் எழுதாததற்கு மன்னித்துக்கொள். முழங்கால் வீங்கி இரண்டு வாரம் படுக்கை. பிறகு பதிப்பகத்திலிருந்து அச்சுத் தாள்கள் வந்தன, திருத்த வேண்டியிருந்தது. நீ நலம்தானே? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நடந்ததைப் படித்து எனக்கு எழுதவே கை வரவில்லை. ஓட்டுக்குள் இருந்த மூன்று உயிர்களை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. அந்தப் பாசிக்காரர் விஷயத்தில் என் மனம் முதலிலேயே சொன்னது. சட்டம் பார்த்துக்கொள்ளட்டும், நீ உன்னை வருத்திக்கொள்ளாதே. அடுத்த வருடம் பறவைகள் திரும்பவும் வரும்.

லயனல் நலம். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். வேலிகளில் வெள்ளைப் பூ நிறைந்திருக்கிறது, இந்த வருடம் என்னவோ மிகவும் அதிகம்.

அன்புடன்,
ஹெஸ்டர்

கும் மேரென்
மே 23, 1961

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

டாட்வெல் எடுக்கவில்லை. எடுத்திருக்க முடியாது. அந்த ஞாயிறு அவன் சேப்பலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். கடவுள் நம்பிக்கை இல்லாதவன். பியூ அம்மாள்தான், "எங்க வீட்ல சாப்புடுறவங்க எங்ககூட வந்துதான் ஆகணும்" என்று இழுத்து வந்திருக்கிறாள். நான் முன்னால் நின்று பாடியதால் பார்க்கவில்லை. பார்த்த முப்பது பேரும் வாயைத் திறக்கவில்லை, அவளும் சேர்த்துத்தான். கேட்டால், "கூட்டாளி இருந்திருப்பான்" என்கிறார்கள். வெளியூர்க்காரன் செய்ததாக இருந்தால் அவர்களுக்கு நிம்மதி. பெட்டியில் பாசியைத் தவிர ஒன்றுமில்லை. ஆனால் யாரோ அவன் அருங்காட்சியகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை அவனுக்கு வேலை இல்லை.

இப்போது கையுறை. பச்சைக் கம்பளி, கட்டைவிரல் கடுகு மஞ்சள். என்னுடையவை இரண்டும் இதோ மேசைமேல் இருக்கின்றன. கூட்டில் இருந்தது மழையில் நனைந்து நிறம் வெளுத்து, செம்மறிக் கம்பளிக்கு அடியில் மிதிபட்டுக் கிடந்தது. அப்படியானால் முட்டை இடுவதற்கு முன்னாலேயே, மார்ச்சிலேயே, யாரோ அதை இந்தப் பள்ளத்தாக்கில் தவறவிட்டிருக்கிறார்கள். பறவை பொறுக்கிக்கொண்டு போயிருக்கிறது.

மார்ச்சில் அத்தான் இந்தப் பக்கம் வந்தாரா? வந்திருந்தால் என் வீட்டில் ஒரு வாய் தேநீர் குடிக்காமல் போவாரா?

இன்னொன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கூட்டில் ஒரு கையுறை என்று எழுதினேன். கம்பளியைக் கண்டால் யாருடையது, என்ன பின்னல் என்று விசாரிக்கிற நீ, அது என்ன நிறம் என்றுகூடக் கேட்கவில்லை. ஆனால் மூன்று உயிர்கள் என்று எழுதியிருக்கிறாய். எத்தனை முட்டை என்று நான் உனக்கு எழுதியதில்லை, அக்கா. எனக்கே தெரியாது. ஏறினவனுக்குத்தான் தெரியும்.

நான் தப்பாக நினைக்கிறேன் என்று எழுது. நம்புகிறேன்.

எம்ரிஸ்

லட்லோ
மே 29, 1961

எம்ரிஸ்,

நலம். நலமறிய ஆவல்.

லயனலின் கையுறை இரண்டும் அலமாரி இழுப்பறையில் இருக்கின்றன. இதை எழுதும்போதுகூடத் திறந்து பார்த்தேன். மூன்று என்றது பேச்சுக்குச் சொன்னது. பருந்து இரண்டோ மூன்றோதானே இடும். தனியாகக் கொட்டகையில் உட்கார்ந்து உட்கார்ந்து உனக்கு எல்லாரையும் சந்தேகப்படத் தோன்றுகிறது. சொந்த அத்தானைப் போய் இப்படி நினைக்கலாமா? அவர் உன்னை ஒரு நாளும் ஒரு வார்த்தை குறைத்துப் பேசியதில்லை.

கொஞ்ச நாள் எழுத வேண்டாம். எனக்கு வேலை இருக்கிறது.

ஹெஸ்டர்

கும் மேரென்
ஜூன் 10, 1961

அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இதற்குமேல் எழுத மாட்டேன், இதை மட்டும் படி. காலை மேசையில் வேண்டாம், தனியாகப் படி.

டாட்வெல் நேற்று ஊரைவிட்டுப் போனான். போவதற்கு முன் என் கொட்டகைக்கு வந்தான். அடிக்க வருகிறானோ என்று எழுந்து நின்றேன். அவன் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தான். உன் பழைய புத்தகம், 'வேலியோரம் பன்னிரண்டு மாதங்கள்'. அட்டை பிய்ந்து, பக்கத்துக்குப் பக்கம் பென்சில் குறிப்பு. ஓக் மரத்துப் பாசியைப் பற்றி நீ எழுதிய நாலு பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் சின்ன வயதில் இந்த வேலைக்கே வந்தானாம்.

"உங்க அக்கான்னு பியூ அம்மா சொன்னாங்க. வந்த அன்னிக்கே கையெழுத்து வாங்கித் தரச் சொல்லிக் கேக்கணும்னு இருந்தேன். நீங்க என்னய ஒரு மாதிரியா பாத்தீங்களா, கூச்சமா போச்சு. இப்ப கேட்டா தப்பா சார்?"

அவனை முதலில் சந்தேகப்பட்டவன் நான். அந்தச் சந்தேகத்துக்கு எண்ணெய் ஊற்றியது உன் கடிதம். அவனுக்கு எதுவும் தெரியாது. புத்தகத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் விருப்பம்.

இருபத்தாறாம் தேதி அருங்காட்சியகத்தில் அவன் விசாரணை. கையுறையை இன்னும் கான்ஸ்டபிளிடம் கொடுக்கவில்லை. அன்றைக்குக் கொடுத்துவிடுவேன். கொடுத்தால் அத்தானின் அலமாரிகளைத் திறப்பார்கள், உன் வீட்டில் யார் யார் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்கு முன் உனக்கு ஏதாவது சொல்ல இருந்தால் சொல். நான் உன் தம்பி என்பது கொடுத்த பிறகும் மாறாது.

எம்ரிஸ்

லட்லோ
ஜூன் 21, 1961

என் அன்பான எம்ரிஸ்,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன். மற்ற கடிதங்களில் அது பக்கத்தை நிரப்ப எழுதியது.

மார்ச் கடைசியில் ஒரு புதன்கிழமை லயனல் ஒற்றைக் கையுறையோடு வீட்டுக்கு வந்தார். கால்சட்டையில் ஓடைச் சேறு. நான் எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கே கடைக்குப் போய்ப் பச்சைக் கம்பளி வாங்கி இன்னொன்றைப் பின்னத் தொடங்கினேன். கட்டைவிரலுக்கு மஞ்சளைத் தேடிப் பிடித்தேன். இழுப்பறையில் இருக்கிற ஜோடி அதுதான்.

அப்பாவின் முட்டை அலமாரி உனக்கு நினைவிருக்கும். முட்டை எடுக்கக் கூடாது என்று சட்டம் வராத காலத்தில் அவர் சேர்த்தது, எந்தப் பறவை, எந்த இடம், எந்த நாள் என்று நான் பத்து வயதில் அழகாக அட்டை எழுதிக் கொடுத்தது. என் கையெழுத்தைப் பற்றி அவர் பாதிரிமாரிடமெல்லாம் பெருமை பேசுவார். அவர் போன பிறகு சாவி லயனலிடம் வந்தது. நாலு வருடமாக அதில் புது முட்டைகள் சேர்கின்றன. பழையதை அடுக்கி எழுதுகிறோம் என்று அவர் சொன்னார். நம்புகிறேன் என்று நான் சொன்னேன். சாயந்திரம் இழுப்பறைகளைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஹெஸ்டர், உன் கைய்ல எழுதினாத்தான் இது முழுசாவுது" என்பார். இந்த வீட்டில் வேறெப்போதும் அவர் என்னை அப்படிப் பார்ப்பதில்லை. அதற்காகத்தான் எழுதினேன். வேறு காரணம் சொன்னால் பொய்.

ஏப்ரல் 23 ராத்திரியே வந்துவிட்டார், திங்கள்வரை காத்திருக்கவில்லை. கோக்கோ டப்பாவில் பஞ்சு வைத்து எடுத்து வந்தார். மறுநாள் முட்டையில் துளையிட்டு ஊதினார். ஒன்றினுள்ளே கரு இருந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டும் எழுதினேன்.

நீ என்னை மன்னிக்கக் கூடாதது இது இல்லை. உன் ஏப்ரல் கடிதத்தை மேசையில் வாசித்தபோது எனக்கு எல்லாம் தெரியும். கையுறை பின்னி முடித்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சேப்பல் நேரம் பற்றிய வரி வந்தது. நிறுத்தினேன். அவர் டோஸ்ட்டில் வெண்ணெய் தடவுவதை நிறுத்திவிட்டு, "ம், மேல படி" என்றார். படித்தேன். பிறகு என்னைக் காப்பாற்றிக்கொள்ள அந்தப் பையன்மேல் கை காட்டினேன், என் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்த பையன்மேல்.

உன் முதல் கடிதத்தை எரிக்கச் சொன்னாய், நான் எரிக்கவில்லை. எல்லாவற்றையும் கான்ஸ்டபிள் ரீஸுக்கு இன்று தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன், அலமாரிச் சாவியோடு. ஏழாம் அதிகாரத்தை மட்டும் அடுப்பில் போட்டேன். டாட்வெல்லின் புத்தகத்தில் கையெழுத்துப் போடவில்லை. நடந்ததை எழுதி உள்ளே வைத்து, அவருடைய அருங்காட்சியகத்துக்கே அனுப்பியிருக்கிறேன். அதிகாரிகளும் படிக்கட்டும். விசாரணையில், அலமாரி அட்டைகளில் இருப்பது என் கையெழுத்துதானா என்று கேட்டால் ஆமாம் என்பேன்.

இந்தக் கடிதத்துக்கு ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறேன். எல்லாத் தபாலும் போன பிறகு, நாளைக் காலை வழக்கம்போல் மேசையில் லயனலுக்கு உரக்க வாசிப்பேன். இந்த முறை எங்கும் நிறுத்த மாட்டேன்.

இழுப்பறையில் இருந்த அட்டையை எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். கடைசி இரண்டு வரிகள் இன்று சேர்த்தவை.

உன் அக்கா,
ஹெஸ்டர்

பறவை: சிவப்புப் பருந்து
முட்டைகள்: மூன்று
நாள்: 1961 ஏப்ரல் 23, ஞாயிறு, காலை பத்தே முக்கால்
இடம்: கும் மேரென், சுண்ணாம்புச் சூளைக்கு மேல், கீழிருந்து மூன்றாவது ஓக்
எடுத்தவர்: லயனல் ஸ்வேல்
இடமும் நேரமும் தெரிந்த விதம்: தம்பி அக்காவை நம்பி எழுதிய கடிதங்கள்
அவற்றை உரக்க வாசித்தவர்: ஹெஸ்டர் ஸ்வேல்